பாட்டே இல்லாமல் ஒரு நாள் முழுக்கத் தமிழ் வானொலி ஓடுமா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: இரவு ஷிப்டில் காதில் மாட்டிக்கொண்டு அமெரிக்கப் பொது வானொலியும் பிபிசியும் கேட்கிறேன், விடிய விடியப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பாட்டே கிடையாது, ஆனாலும் சலிப்பதில்லை. நம் தமிழ் வானொலியில் மட்டும் நாலு வார்த்தை பேசினால் உடனே ஒரு பாட்டு வந்துவிடுகிறது. நம் ஆட்களுக்குப் பேச விஷயம் இல்லையா, கேட்க ஆள் இல்லையா? நானும் நண்பர்களும் இணையத்தில் ஒரு பேச்சு வானொலி தொடங்கலாம் என்று இருக்கிறோம், எந்த மைக் வாங்கலாம்?

மைக்கைக் கடைசியில் சொல்கிறேன். தம்பி கேட்டிருப்பது பாட்டைப் பற்றியும் இல்லை, மைக்கைப் பற்றியும் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஒரு நாளின் இத்தனை மணி நேரத்தையும் பேச்சால் நிரப்புவது யார், அதைக் கேட்கிறவன் எழுந்து போகாமல் எப்படிப் பிடித்து வைக்கிறார்கள், அதைத் தமிழில் நம்மால் செய்ய முடியுமா, இதுதான் கேள்வி. நான் கோலாலம்பூரில் 21 ஆண்டு வானொலியில் இருந்தவள். முதலில் பகுதிநேர அறிவிப்பாளர், பிறகு பேச்சு நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளர். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. இப்போது ஜெலுத்தோங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். விளம்பரம் பிடிக்கும் பக்கம் நான் போனதே இல்லை, அதனால் காசு சம்பாதிப்பது பற்றி நான் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு தயாரிப்பது பற்றிச் சொல்வதை நம்பலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் பினாங்கில் விடிய விடியக் கேட்பது அவர்களுடைய பகல். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் வித்தியாசம். நீங்கள் ஷிப்டுக்குள் நுழையும்போது அங்கே ஆட்கள் பல் தேய்த்துக்கொண்டு காலைச் செய்தி கேட்கிறார்கள். நீங்கள் விடிகாலை கார்டைத் தட்டிவிட்டு வெளியே வரும்போது அங்கே வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதாவது ஒரு ஊர் தன் நாளை வாழ்வதைப் பேச்சாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, அவர்கள் 24 மணி நேரமும் புதிதாகப் பேசுவதில்லை. அமெரிக்கப் பொது வானொலி, அதாவது என்பிஆர் என்று நாம் சொல்வது ஒரு நிலையமே இல்லை. நிகழ்ச்சி செய்து கொடுக்கும் அமைப்பு. நிலையங்கள் ஊர் ஊராகத் தனித்தனியாக இருக்கின்றன, பல இடங்களில் பல்கலைக்கழகங்களின் கையில். 1979-இல் தொடங்கிய மார்னிங் எடிஷன் என்ற காலை நிகழ்ச்சியின் நீளம் 2 மணி நேரம்தான். அதைத் தேவைப்படும் இடத்தில் புதுப்பித்துத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள், நிலையங்கள் அதை வைத்து 4 மணி நேரக் காலைப் பொழுதை ஓட்டிவிடும். நடுவில் அந்தந்த ஊர்ச் செய்தி, வானிலை, சாலை நிலவரம். மாலைக்கு 1971-இல் இருந்து வருகிற ஆல் திங்ஸ் கன்சிடர்ட், அதுவும் இதே மாதிரி. பகலில் வந்த ஒரு மணி நேர நேர்காணலை இரவு மறுபடி போடுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு நிறைய நிலையங்கள் பிபிசி உலக சேவையைத் திறந்துவிட்டுவிடும். லண்டனில் பிபிசி ரேடியோ 4 கூட, அத்தனை ஆள் பலம் இருந்தும், இரவு 1 மணிக்கு மேல் உலக சேவையிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். ஆக, நாள் முழுக்கப் பேச்சு என்று நாம் கேட்பதில் புதிது கொஞ்சம், மறு ஒலிபரப்பு கொஞ்சம், அடுத்த வீட்டில் வாங்கியது கொஞ்சம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காலையில் கேட்டவன் இரவில் கேட்கப் போவதில்லை, இரவில் கேட்பவன் காலையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் கோர்த்து நிற்க வைப்பது கடிகாரம். வானொலியில் கடிகாரம் என்று சொன்னால் சுவரில் மாட்டியிருப்பது மட்டும் இல்லை, ஒரு மணி நேரத்தை எந்த நொடியில் எது என்று வெட்டி வைத்திருக்கும் வட்டப் படத்துக்கும் அதுதான் பெயர். என்பிஆர் நிகழ்ச்சிகளில் மணி தொடங்கியதும் 59 நொடிக்கு, இந்த மணியில் என்னென்ன வரப்போகிறது என்று ஒரு முன்னோட்டம் வரும். முதல் நிமிடம் முடிகிற இடத்தில் செய்தி. அந்த 59 நொடி 63 நொடியானால் நூற்றுக்கணக்கான நிலையங்களில் செய்தியின் முதல் வாக்கியம் வெட்டுப்படும். வெளியில் இருந்து கேட்கிறவர்களுக்கு இது கெடுபிடியாகத் தெரியலாம். உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன், பேச்சுக்கு இந்த எலும்புக்கூடு இருந்தால்தான் உயிர். எப்போது முடிக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் நல்ல கேள்வியை முதலில் கேட்பான். தெரியாதவன் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்து, விருந்தாளி பிறந்த ஊரில் இருந்து கிளம்பி விஷயத்துக்கு வருவதற்குள் நேரம் போய்விடும்.

சரி, கணக்குக்கு வருவோம். தமிழை நிதானமாக, கேட்கிறவர் காதில் விழும்படி படித்தால் என் அனுபவத்தில் நிமிடத்துக்கு 100 சொல் வரும். ஆங்கிலத்தில் 150 வரை போகலாம், ஆனால் அவர்கள் நாலு சொல்லில் சொல்வதை நாம் ஒட்டி ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம், அதனால் நம் கணக்கு குறைவு. நிமிடத்துக்கு 100 என்றால் மணிக்கு 6,000. காலை 6 மணியில் இருந்து நள்ளிரவு வரை 18 மணி நேரம் என்றால் 108,000 சொல். தடித்த நாவல் ஒன்று, ஒவ்வொரு நாளும். அத்தனையும் யாரோ ஒருவர் யோசித்து, சரிபார்த்து, வேண்டாததை வெட்டிப் போட்டதாக இருக்க வேண்டும். அரை மணி நேர உரையாடல் ஒன்றுக்கு என் கையில் முழுதாக ஒன்றரை நாள் வேலை போகும்: ஆளைத் தேடுவது, அவரோடு முன்கூட்டியே போனில் பேசுவது, அவர் சொன்னது சரியா என்று இன்னொருவரிடம் கேட்பது, எட்டு கேள்வி எழுதி ஐந்தை அடிப்பது, பதிவு, வெட்டு. ஒரு விவரணச் சித்திரம், அதாவது ஊர் ஊராகப் போய்க் குரல்களைச் சேர்த்துக் கட்டுவது, 30 நிமிடத்துக்கு இரண்டு வாரத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். நம்மிடம் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை தம்பி. பட்டிமன்றத்துக்குப் பேர் கொடுங்கள் என்றால் கோலாலம்பூரில் ஒரே மாலையில் நாற்பது பேர் வருவார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றரை நாள் தேடுகிற ஆள்தான் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அவருக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பாட்டு வருவது அங்கேதான். நாலு நிமிடப் பாட்டு ஒன்றைப் போட்டால் 400 சொல்லைத் தயாரிக்க வேண்டாம். நம் ஆட்களுக்கு விஷயம் இல்லாததால் பாட்டு வருவதில்லை, விஷயத்தைத் தயாரிக்க ஆள் வைக்காததால் வருகிறது.

பேச்சு நமக்குப் புதிதும் இல்லை. பினாங்கில் 1934-இல் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்று ஒலிபரப்பு ஆரம்பித்தபோதே மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் இருந்தது. போர் முடிந்து 1946 ஏப்ரல் 1-இல் ரேடியோ மலாயா வந்தது, அதிலும் தமிழ்ப் பிரிவு. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து 1948-இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் கேட்பதற்கென்று அரசாங்கமே வானொலிப் பெட்டிகளை வைத்தது. நோக்கம் பிரச்சாரம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் லயத்து மக்கள் பால் வெட்டி வந்த களைப்போடு கூடி உட்கார்ந்து பேச்சுக் கேட்கும் பழக்கம் அங்கே வேர் பிடித்தது. நாடகம், பள்ளி ஒலிபரப்பு, மாதர் நிகழ்ச்சி என்று என் அம்மா காலத்தில் எல்லாம் பேச்சுதான். என் அம்மா சமைக்கும் நேரத்தையே நாடகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார். இன்றைக்கு மின்னல் எஃப்எம் என்று நாம் கேட்கிற அரசாங்கத் தமிழ் வானொலி, கிள்ளான் பள்ளத்தாக்கில் 96.3-இல் வருவது, அந்த வரிசையின் தொடர்ச்சி. இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அது ஓர் அரசாங்க இலாகா நடத்துகிற வானொலி, பிபிசி போலத் தனிச் சாசனமும் கட்டணமும் உள்ள கழகம் இல்லை, அமெரிக்கா போல நேயர் சந்தாவில் ஓடுவதும் இல்லை. அதனால் அங்கே இருப்பது போல இங்கேயும் வேண்டும் என்று கேட்கும்போது, காசு எங்கிருந்து வருகிறது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பேச்சு எப்படிச் சலிக்காமல் இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். நீரிழிவு பற்றிப் பேச ஒரு டாக்டர் வந்திருந்தார். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, நம்மவர்களில் இன்னும் அதிகம், அதனால் எந்தக் காலத்திலும் இது ஆறிப்போகாத தலைப்பு. ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒன்பது பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். முதல் வாக்கியத்திலேயே கணையம், இன்சுலின் சுரப்பு, வளர்சிதை மாற்றம். நல்ல மனிதர், நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறார், எப்படிச் சொல்வது? அந்தத் தாள்களை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, "டாக்டர், உங்க அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். "நேத்து ராத்திரி அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலைன்னா முகம் பாக்கற கண்ணாடியைத் தரையில வச்சு அது மேல காலைத் தூக்கிப் பாருங்கன்னு சொன்னேன். போன மாசம் ஆணி குத்தினதே அவங்களுக்குத் தெரியலை." அதிலிருந்து ஆரம்பித்தோம். ஏன் தெரியவில்லை, நரம்பு என்ன ஆகிறது, புண் ஏன் ஆறாது, எல்லாம் அந்த ஆணிக்குப் பின்னால் தானாக வந்து உட்கார்ந்தது. ஒன்பது பக்கத்தில் இருந்த விஷயத்தில் பாதி போய்விட்டது. போகட்டும். அந்த வாரம் முழுக்க, தரையில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன் என்று வயதானவர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

காதுக்கு எழுதுவது கண்ணுக்கு எழுதுவது மாதிரி இல்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "கடந்த வாரம் சுங்கை பட்டாணியில் நடைபெற்ற கூட்டத்தில் கலந்துகொண்ட பெற்றோர்கள் முன்வைத்த கோரிக்கையைப் பரிசீலிப்பதாக" என்று இழுத்துக்கொண்டே போனால், பரிசீலிப்பதாகச் சொன்னது யார், என்ன ஆனது என்று தெரிவதற்குள் கேட்கிறவர் சந்திப்பில் வளைவு திரும்பி, முன்னால் பிரேக் போட்ட லோரியைப் பார்த்து, எல்லாவற்றையும் மறந்திருப்பார். தாளில் திரும்பிப் போய்ப் படிக்கலாம், வானொலியில் திரும்பிப் போக வழி இல்லை. அதனால் "மேற்கூறிய", "முன்னது, பின்னது" இரண்டையும் என்னிடம் வேலை கற்ற பிள்ளைகள் யாரையும் எழுத விட்டதில்லை. வானொலியில் மேலே என்று ஓர் இடமே இல்லை. பெயருக்கு முன்னால் ஆள் யார் என்று சொல்லிவிட வேண்டும், எண்ணை இரண்டு தரம் சொல்ல வேண்டும், ஒரு வாக்கியத்தில் இரண்டு எண் வந்தால் ஒன்றைத் தூக்கிவிட வேண்டும். அப்புறம் எந்தத் தமிழில் பேசுவது என்கிற சண்டை. செய்திக்கு எழுத்துத் தமிழ், அதில் மாற்றம் வேண்டாம் என்பது என் கட்சி. உரையாடலுக்கு வீட்டுத் தமிழ். ஒரு நேயர் "பசார்ல" என்று சொன்னால் அறிவிப்பாளர் அவரைத் திருத்தக் கூடாது, அடுத்த கேள்வியில் தானாகச் "சந்தையில்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால் போதும், இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வாழும். தன் பேச்சைத் திருத்தியவருக்கு அந்த நேயர் மறுபடி போன் செய்ய மாட்டார்.

போன் அழைப்பு எடுப்பதுதான் பேச்சு வானொலியில் மிகக் கஷ்டமான வேலை என்பேன். இயந்திரத்திலேயே ஒரு குறை இருக்கிறது. பழைய தொலைபேசித் தடத்தில் 300-இல் இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி போகும், பண்பலையில் 15,000 வரை போகும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் கூர்மையெல்லாம் மேலே இருப்பதால் போனில் அது அறுந்துவிடும், பெயரும் ஊரும் குழம்பும். அதனால்தான் அறிவிப்பாளர் திருப்பிச் சொல்வது, அது மரியாதைக்காக மட்டும் இல்லை. இயந்திரத்தைவிடப் பெரிய கஷ்டம் மௌனம். தொழிலாளர் உரிமை பற்றிய நிகழ்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது, கூலிமில் இருந்து ஓர் அம்மா வந்தார். "என் வீட்டுக்காரர் காலையில வேலைக்குப் போகும்போது மோட்டார்சைக்கிள்ல..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று நொடி. கொன்ட்டி என்று நாங்கள் கூப்பிடும் ஒலிபரப்பு அறையில் மூன்று நொடி மௌனம் என்றால் மூச்சே நின்றுவிடும். அறிவிப்பாளர் பிள்ளை வாயைத் திறக்கப் போனார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாலாவது நொடியில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "கம்பெனிக்குள்ள நடக்கலையே, அதனால ஒண்ணும் கிடைக்காதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. அதான் நான் எங்கயும் போய்க் கேக்கலை." வேலைக்குப் போகும் வழக்கமான பாதையில் நடந்த விபத்தும் வேலை விபத்தாகவே கணக்கில் வரும், சந்தா கட்டி வந்த தொழிலாளி அதில் இறந்தால் குடும்பத்துக்குச் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் இருந்து மாதாமாதம் பணம் வர வழி இருக்கிறது என்று அன்றைக்கு நிகழ்ச்சிக்கு வந்திருந்த விருந்தாளி விளக்கினார். அழைப்பை வெட்டாமல் உள்ளே மாற்றி, எந்த அலுவலகம், இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், போலீஸ் புகார் நகல் என்று எல்லாவற்றையும் அவரை எழுதிக்கொள்ளச் சொன்னோம். அந்த நாலு நொடிக்கு ஒரு பாட்டைப் போட்டிருந்தால் அவர் போனை வைத்திருப்பார். பேச்சு வானொலி எதற்கு என்று என்னை யாராவது கேட்டால் இந்த அம்மாவைத்தான் சொல்வேன்.

ஆனால் இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் பின்னால் சட்டம் தெரிந்த ஒருவர், அழைப்பை வடிகட்டும் ஒருவர், தகவலைச் சரிபார்க்கும் ஒருவர் என்று மூன்று பேராவது வேண்டும். 

என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு, நேரடி நிகழ்ச்சி, 28 நிமிடம், விருந்தாளி ஒருவரே. மழை, ஃபெடரல் நெடுஞ்சாலையில் வண்டி நகரவில்லை, ஆள் வந்து சேரவில்லை. கையிருப்பில் ஒரு பதிவு வைத்திருக்க வேண்டும் என்று மூத்தவர் சொல்லிக் கொடுத்ததை நான் செய்திருக்கவில்லை. வரிசையாகப் பாட்டு ஓடியது. மறுநாள் காலை முதல் அழைப்பு ஓர் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி. கோபமே இல்லை அவர் குரலில். "நேத்து வாழை மரத்து வாடல் நோயைப் பத்திச் சொல்றேன்னு சொன்னீங்களே அம்மா, நோட்டும் பென்சிலும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எப்போ சொல்வீங்க?" அந்த நோட்டும் பென்சிலும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து வேலையை விடும் வரை என் மேசை இழுப்பறையில் கெட்டுப்போகாத இரண்டு பதிவு எப்போதும் இருந்தது. ஒன்று 28 நிமிடம், ஒன்று 12. நீங்கள் எதைத் தொடங்கினாலும் இதை முதல் நாளே செய்யுங்கள்.

இனி, நம் ஊரில் ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நிகழ்ச்சிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஆட்களை நினைக்கச் சொல்வேன். காலை 5.30-க்கு ரவாங்கில் இருந்தும் கிள்ளானில் இருந்தும் கோலாலம்பூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள், இங்கே பட்டர்வொர்த் பக்கம் இருந்து பாலம் ஏறுகிறார்கள். அவர்கள் கையில் ஸ்டியரிங், மனதில் நேரம். அவர்களுக்கு நாலு நிமிடத்துக்கு மேல் எதுவும் நீளக் கூடாது. 9 மணிக்கு மேல் வீட்டில் இருக்கும் பெரியவர்கள், சமையல் செய்கிறவர்கள், தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள். நீண்ட உரையாடலும் போன் அழைப்பும் அவர்களுக்குத்தான், கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். மதியம் லோரி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலையில் இருக்கிறார்கள், நாடகத்தைப் போடலாம், தூக்கம் வராமல் காக்கும். 2-ல் இருந்து 4 வரை காலையில் வந்ததை மறுபடி போட்டாலும் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். மாலையில் மறுபடி கார், பள்ளிப் பிள்ளைகள் பின் இருக்கையில், அதனால் பிள்ளைகளும் கேட்கக் கூடிய விஷயம். இரவில் பாதுகாவலர்கள், தாதியர், உங்களைப் போல ஷிப்டில் இருப்பவர்கள். இந்தக் கூட்டத்தைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், இரவு என்றால் பழைய பாட்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் நாள் முழுவதிலும் மிகக் கவனமாகக் கேட்கிற நேயர் இரவு 2 மணிக்கு கார்டு ஹவுஸில் உட்கார்ந்திருப்பவர்தான். பகலில் செய்ததில் சிறந்ததை அவருக்குக் கொடுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் என் கையால் செய்து பார்த்தது. இனி சொல்வது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சையே முதன்மையாக வைத்து ஒரு வானொலி கோலாலம்பூரில் நிற்கும் என்பதற்கு பிஎஃப்எம் 89.9 சாட்சி. 2008-இல் தொடங்கியது, தனியார், ஆங்கிலம், வியாபாரப் பேச்சு, இன்றும் ஓடுகிறது. ஆனால் அதைக் கேட்கிற கூட்டத்துக்கு விளம்பரதாரர் தேடி வருவார். இந்நாட்டில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர், அதில் தமிழில் பேச்சு கேட்பவர் ஒரு பகுதி. 1924-இல் இருந்து வந்த தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனதை நாம் பார்த்தோம். பொதுப் பணம் மட்டும் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பொது ஒலிபரப்புக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அந்த நாட்டு நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது, நீங்கள் கேட்கிற சின்ன ஊர் நிலையங்களுக்கு அது பெரிய அடி. ஆகவே தமிழில் 18 மணி நேரப் பேச்சு இன்று முடியாது என்றே நினைக்கிறேன். காலை 2 மணி நேரம், மாலை 1 மணி நேரம், ஒழுங்காகத் தயாரித்தது, மீதி நேரம் மறு ஒலிபரப்பும் பாட்டும், இது முடியும். பாட்டைப் பகையாக நினைக்காதீர்கள். நல்ல உரையாடலுக்குப் பிறகு ஒரு பாட்டு வந்தால், கேட்டதைக் கேட்டவர் மனதில் வைத்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது. பேச்சைப் பாதியில் வெட்டி வரும் பாட்டுத்தான் தப்பு.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் ஒலி 96.8 இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் எஸ்பிஎஸ் தமிழ், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அரசு வானொலிகள். என்பிஆர் நிலையங்கள் ஒன்றுக்கொன்று நிகழ்ச்சி கொடுத்து வாங்கி நாளை நிரப்புவது போல நாமும் செய்யலாம். வாரத்துக்கு அரை மணி நேரம் ஒவ்வொருவரும் செய்தால், எல்லாரிடமும் இரண்டரை மணி நேரம் இருக்கும். ஈப்போ சுண்ணாம்புக் குன்றைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கேட்கட்டும், பனை ஏறுகிறவர் பேச்சை பாகான் செராயில் கேட்கட்டும். சொல் கொஞ்சம் புரியாது, பரவாயில்லை, பழகிவிடும்.

நீங்களும் நண்பர்களும் தொடங்கப் போவது பற்றி: வாரம் ஒரு நாள், 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று பேர் இருந்தால் ஒருவர் பேசட்டும், இரண்டு பேர் தேடட்டும். முதல் பதிவை வெளியே போடுவதற்கு முன்னால் உங்கள் அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் ஓடவிட்டு, அவர் எந்த நிமிடத்தில் வேறு பேச்சு ஆரம்பிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும். மைக் விலை உயர்ந்தது தேவையில்லை. டைனமிக் வகை போதும், சுற்றுச் சத்தத்தை அதிகம் இழுக்காது. வாயில் இருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' சொல்லும்போது காற்று நேராக அடிக்காது. அறையில் எதிரொலி இருந்தால் துணி அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள், தலைக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். முதல் பதிவு தயாரானதும் அனுப்புங்கள், தம்பி, நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறேன்.